காப்பிக் கோப்பையில் விவசாயியின் ஹக்கு

 

வணிகப் பெருமக்களே! காப்பி குடிப்பதிலே நமக்கு நிகர் நாமேதான். ஸுப்ஹு தொழுதுவிட்டு ஒரு ‘கோப்பி ஓ’, கடை திறந்ததும் ஒன்று, அஸருக்குப் பின் ஒன்று, இரவு கல்லாக் கணக்கு முடிக்கும்போது ஒன்று எனக் குடிப்பவர் நம்மிலே ஏராளம். நாமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தாம். நாம் குடிப்பதோடு நிற்கவில்லை. பிறருக்கு விற்பவர்களும் நாமே. சரபத் கடை முதல் இரவு பகல் திறந்திருக்கும் பெரிய உணவகம் வரை, காப்பி இல்லாத கல்லா நம்மவரிடம் உண்டோ? அத்தனை காப்பியும் எவன் தோட்டத்தில் விளைந்தது, அவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர் மட்டும் குறைவு. இன்று அதைப்பற்றிப் பேச விரும்புகிறோம்.

இமாம் கஸ்ஸாலி ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலில், சம்பாத்தியத்தின் ஒழுக்கங்களைப் பேசும் பகுதியிலே ஒரு வரலாற்றைச் சொல்கிறார்கள். பஸரா நகரத்தில் தாபியீன்களில் ஒருவர் வணிகராக இருந்தார். அவருடைய அடிமை ஒருவர் ஸூஸ் என்னும் ஊரிலிருந்து அவருக்குச் சீனி அனுப்பி வருவது வழக்கம். ஓராண்டு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இவ்வாண்டு கரும்புக்கு நோய் கண்டுவிட்டது, ஆகவே சீனியை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். அவரும் ஒரு வியாபாரியிடம் போய் ஏராளமாகச் சீனி வாங்கினார். காலம் வந்ததும் விற்றார். இலாபம் முப்பதாயிரம்!

நம்மில் ஒருவராயிருந்தால் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்போம். அவருக்கோ தூக்கம் வரவில்லை. முப்பதாயிரம் சம்பாதித்தோம், ஒரு முஸ்லிமுக்குச் செய்யவேண்டிய நஸீஹத்தை இழந்தோமே என்று புரண்டார். விடிந்ததும் முப்பதாயிரத்தையும் எடுத்துப்போய், சீனி விற்றவரிடம் கொடுத்தார். அவர் திகைத்து, இது எனக்கு எப்படி உரியதாகும் என்று கேட்டார். உம்மிடம் வாங்கியபோதே விலை ஏறிவிட்டது. அதை உமக்கு மறைத்தேன் என்றார் இவர். அவர் பெரிய மனத்தோடு, இப்போது சொல்லிவிட்டீர், உமக்கே ஹலாலாக்கி விட்டேன் என்று திருப்பி அனுப்பினார். வீட்டுக்கு வந்தும் தூக்கமில்லை. நம் முகத்துக்காக வெட்கப்பட்டு விட்டுக்கொடுத்தாரோ என்னவோ என்ற ஐயம்! மறுநாள் மீண்டும் போய், பணத்தை வாங்கிக்கொள்ளும்படி வற்புறுத்தி, கொடுத்துவிட்டே திரும்பினார்.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த வணிகர் எடையில் குறைக்கவில்லை, கலப்படம் செய்யவில்லை, பொய்ச்சத்தியம் இடவில்லை. பேசிய விலையை முழுதாகக் கொடுத்தார். ஆயினும், தமக்குத் தெரிந்தது எதிரிலிருப்பவனுக்குத் தெரியாது என்பதை வைத்து வந்த இலாபம் அவர் நெஞ்சிலே முள்ளாகத் தைத்தது. காப்பி வாணிபத்தின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு முள்ளில் அடங்கியிருக்கிறது என்பது நம் எண்ணம்.

இந்தப் பானம் நம் பெரியார்களின் மஜ்லிஸிலே வளர்ந்த பானம். ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டளவில் யமன் நாட்டு ஸூஃபியாக்கள் இரவு திக்ருக்கு விழித்திருக்கக் காப்பியைக் குடித்தனர். மோக்கா துறைமுகத்து ஷாதுலிய்யாப் பெரியாரின் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். நம்மிலே ஷாதுலிய்யா தரீக்கினர் பலர் இருப்பதால் இதைச் சொல்லிவைத்தோம். 1511-இல் மக்காவின் அதிகாரி ஒருவர் காப்பியைத் தடைசெய்து மூட்டைகளைக் கொளுத்தியதும், பின்னர் கெய்ரோவின் சுல்தான் அதைத் தளர்த்தியதும் சரித்திரம். பாபா புதான் என்னும் வலியார் ஹஜ்ஜிலிருந்து திரும்பும்போது ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது மைசூர்ப் பக்கத்துச் செவிவழி வரலாறு.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர்கள் மலபாரிலிருந்து செடிகளை ஜாவாவுக்குக் கொண்டுபோயினர். அங்கேதான் கதை மாறுகிறது. 1830 முதல் ஜாவாவின் குடியானவர்கள் அரசு சொன்ன பயிரைப் பயிரிட்டு, அரசு சொன்ன விலைக்குக் கொடுக்கவேண்டும் என்ற கட்டாயம் வந்தது. மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவு மலைநாட்டில் 1847 முதல் 1908 வரை காப்பி முழுவதையும் அரசுக் கிட்டங்கியில் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த மலைநாட்டிலே ‘காவா டவுன்’ என்றொரு பானம் இன்றும் உண்டு. அது காப்பி இலையை வாட்டிக் கொதிக்க வைத்த கஷாயம். கொட்டை எல்லாம் கிட்டங்கிக்குப் போய்விட்டதால், விளைவித்தவன் இலையைக் குடித்தான் என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். நெகிரி செம்பிலான் மக்களின் மூதாதையர் அந்த மினாங்கபாவு நாட்டவரே. தூரத்துக் கதையென்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

அந்தக் காலம் போயிற்று. இப்போது விலை எங்கே நிர்ணயமாகிறது? அராபிக்கா வகைக்கு நியூயார்க்கிலும், ரொபஸ்டா வகைக்கு லண்டனிலும். நம் கடைகளில் ஊற்றும் கறுப்புக் காப்பி பெரும்பாலும் ரொபஸ்டாவே. மலேசியாவில் ஜொகூர்ப் பக்கம் விளையும் லிபெரிக்காவும் உண்டு. சீனியும் மார்ஜரினும் போட்டு வறுத்துக் கறுக்க வைப்பதால் எது எதுவென்று நாக்குக்குத் தெரிவதில்லை. (சிலர் சோளத்தையும் சேர்த்து வறுக்கிறார்கள். சேர்ப்பதைச் சொல்லி விற்றால் ஒரு பேச்சு. சொல்லாமல் விற்றால் அது வேறு பேச்சு.) 1962-இல் உலக நாடுகள் கூடிக் காப்பி ஒப்பந்தம் ஒன்று செய்து, இன்ன நாடு இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கிட்டு விலையைத் தாங்கிப் பிடித்தன. 1989 ஜூலையில் அந்தப் பங்கீடு முறிந்தது. விலை சரிந்தது. 2001-இல் உலகச் சராசரி விலை ராத்தலுக்கு 50 அமெரிக்கக் காசுக்குங் கீழே போய்விட்டது.

கணக்குப் போடாமல் வியாபாரிக்கு எதுவும் விளங்காது. ஆகையால் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ பச்சைக் கொட்டையை வறுத்தால் ஏறத்தாழ 800 கிராம் மிஞ்சும். கோப்பைக்கு 10 கிராம் தூள் என்று வைத்தால் 80 கோப்பை. 2001-இன் விலையில் ஒரு கிலோ கொட்டை துறைமுகத்திலே சுமார் 1 அமெரிக்க டாலர். அதாவது ஒரு கோப்பையில் உள்ள கொட்டையின் விலை ஒன்றேகால் காசு. அதிலும் லாரிக்காரனுக்கும் தரகனுக்கும் ஏற்றுமதியாளனுக்கும் போக மிச்சமே மலைமேல் இருப்பவனுக்கு! அந்த ஆண்டுகளில் எந்தக் கடையிலாவது காப்பி விலை குறைந்ததா? நம் நினைவில் இல்லை.

பிறகு விலை ஏறியதும் உண்டு. பிரேசிலில் 1975 ஜூலையில் கடும் உறைபனி விழுந்து தோட்டங்கள் கருகின. 1977-இல் விலை ராத்தலுக்கு 3 டாலரைத் தாண்டியது. வறட்சியாலும் வேறு காரணங்களாலும் 2024-இல் லண்டனில் ரொபஸ்டா டன்னுக்கு 5000 டாலருக்கு மேல் போயிற்று. 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அராபிக்கா ராத்தலுக்கு 4 டாலரைத் தாண்டியது. பிரேசிலில் பனி விழுந்த செய்தி முதலில் யாருக்கு எட்டுகிறது? பெரிய வியாபாரிக்கு. பஸராக்காரருக்குக் கடிதம் வந்ததுபோல இவர்களுக்குத் தந்தி வந்தது, பின் தொலைபேசி வந்தது, இப்போது கைப்பேசியில் நொடிக்கு நொடி வருகிறது. கடிதம் வந்தவர்கள் பலர். தூக்கம் கெட்டவர்கள் எத்தனை பேர் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், கிராமத்திலிருந்து சரக்கேற்றி வருபவர்களை ஊர் எல்லைக்கு வெளியே போய் மறித்து வாங்குவதைத் தடுத்தார்கள். அப்படி விற்றவன் சந்தைக்கு வந்து உண்மை நிலவரத்தை அறிந்தால், விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையையும் அவனுக்கு அளித்தார்கள். மதீனாவில் விலைவாசி ஏறியபோது மக்கள் வந்து விலையை நிர்ணயிக்கும்படி கேட்க, விலை இறைவன் கையில் உள்ளது என்றும், யாருடைய அநீதிப் புகாரும் தம்மீது இல்லாமல் இறைவனைச் சந்திக்க விரும்புவதாகவும் சொல்லி மறுத்துவிட்டார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும். சந்தையில் ஏறுவதும் இறங்குவதும் குற்றமில்லை. சந்தைக்கு வருபவனின் கண்ணைக் கட்டுவதே குற்றம்.

இன்று குடியானவனிடமும் கைப்பேசி இருக்கிறதே, அவனுக்கும் விலை தெரியுமே என்று ஒரு சகோதரர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அறியாமை முன்னைவிடக் குறைந்திருக்கிறது. ஆனால் தேவை குறையவில்லை. இந்தோனேசியாவில் காப்பியின் மிகப் பெரும்பகுதி ஒன்றிரண்டு ஹெக்டர் வைத்திருக்கும் சிறு குடியானவர்களால் விளைவது. லம்போங்கின் ரொபஸ்டாவும் அச்சே மாநிலத்துக் காயோ மலையின் அராபிக்காவும் அப்படிப்பட்டவையே. அவர்களிலே மிகப் பலர் நம்மோடு ஒரே கிப்லாவை நோக்கித் தொழுபவர்கள். காப்பி ஆண்டுக்கு ஒரு முறை பெரிய பறிப்பு. வயிறோ நாளுக்கு மூன்று முறை. அறுவடைக்கு முந்திய மாதங்களில் அரிசிக்கும் உரத்துக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் பணமிருக்காது. அப்போது உள்ளூர்த் தரகன் முன்பணம் தருவான். பச்சைக் காயாக மரத்தில் நிற்கும்போதே விளைச்சலைக் குறைந்த விலைக்குப் பேசி முடிப்பதற்கு ‘இஜோன்’ என்று பெயர். ஜாவா மொழியில் பச்சை என்னும் சொல்லிலிருந்து வந்தது. வேறு சிலர் அதைக் கடனாகவே கொடுத்து, பறித்தவுடன் எனக்குத்தான் விற்கவேண்டும், நான் சொல்லும் விலைக்கு விற்கவேண்டும் என்று கட்டிப்போடுவார்கள். விலை தெரிந்தும் என்ன பயன்? கையைக் கட்டியபின் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் வலி கூடுமேயன்றிக் குறையாது.

இந்த இரண்டு வழக்கங்களையும் நம் மார்க்கம் முன்கூட்டியே கண்டிருக்கிறது! பழம் பக்குவப்படுவது தெரியும் முன் அதை விற்பதைப் பெருமானார் (ஸல்) விலக்கினார்கள். இறைவன் அந்தப் பழத்தைத் தடுத்துவிட்டால் உன் சகோதரனின் பொருளை எந்த உரிமையில் எடுப்பாய் என்ற கருத்தில் காரணமும் காட்டினார்கள். கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைப்பதையும் தடுத்தார்கள். ஏனெனில் கடனுக்காகக் குறையும் ஒவ்வொரு காசும் பெயர் மாறிய வட்டியே. வட்டிக் கடை வாசலை மிதிக்காத நம்மவர், வட்டி ஏறிய கொட்டையை வறுத்துப் பொடித்து விற்கலாமா என்று யோசிக்கவேண்டும்.

அப்படியானால் ஏழைக் குடியானவனுக்கு முன்பணமே கூடாதா? கூடும். மதீனாவாசிகள் பேரீச்சம்பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பணம் கொடுத்து வந்தார்கள். நாயகம் (ஸல்) அதை ஒழிக்கவில்லை, ஒழுங்கு செய்தார்கள். அளவு தெரிந்திருக்க வேண்டும், எடை தெரிந்திருக்க வேண்டும், தவணை தெரிந்திருக்க வேண்டும். இதுவே ‘ஸலம்’ என்னும் வியாபாரம். நம் ஷாபிஈ மத்ஹபின் நூல்களில் இதற்குத் தனிப் பாடமே உண்டு: பேசும் இடத்திலேயே முழுத் தொகையும் கைமாற வேண்டும்; தரத்தை விவரிக்க வேண்டும்; இன்ன மரத்தின், இன்ன தோட்டத்தின் காய் என்று கட்டக்கூடாது. இஜோனில் ஒருவன் பசியை இன்னொருவன் விலைபேசுகிறான். ஸலமில் இரண்டு பேரும் தத்தம் கடமையைத் தெரிந்து ஒப்புகிறார்கள். பார்வைக்கு இரண்டும் முன்பணந்தான். இதனால்தான் பலர் குழம்புகிறார்கள்.

இன்னொன்று தராசு. அளவையில் மோசம் செய்பவர்களின் பெயராலேயே திருமறையில் ஓர் அத்தியாயம் அமைந்திருப்பது நாமறிந்ததே. மத்யன் நகரத்தாருக்கு ஷுஐப் நபி (அலை) செய்த உபதேசத்தில், அளவையை நிறைவாக்குவதோடு, மக்களின் பொருள்களைக் குறைத்துவிட வேண்டாம் என்பதும் சேர்ந்திருக்கிறது. பிறர் சரக்கை வேண்டுமென்றே மட்டம் தட்டிப் பேசுவதும் அந்தக் குறைத்தலில் அடங்கும் என்று விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். காப்பிச் சந்தையில் இதைக் கண்ணாரக் காணலாம். ஈரம் அதிகம் என்று கொஞ்சம், கறுத்த கொட்டை அதிகம் என்று கொஞ்சம், சாக்குக்கென்று கொஞ்சம் என எடையில் கழிப்பார்கள். ஈரத்தை அளக்கும் கருவி வாங்குபவன் கையில். விற்பவனுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அளவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவன் கண்ணெதிரே அளந்து, எண்ணைக் காட்டி, எழுதிக் கொடுக்க என்ன தடை?

“நான் தவுக்கேயிடம் மூட்டை எடுக்கிறேன், காக்கா. அவர் எங்கே வாங்கினார், எப்படி வாங்கினார் என்று நான் ஏன் கேட்கவேண்டும்?” என்று நம்மிடம் ஒருவர் சொன்னார். ஃபிக்ஹு சட்டப்படி அவர் வாங்கியது செல்லும், அதை மறுப்பதற்கில்லை. நாம் அவரைக் குற்றஞ்சாட்டவும் இல்லை. ஆனால் இறைச்சிக்கு மட்டும் யார் அறுத்தது, எப்படி அறுத்தது, முத்திரை உண்டா என்று துருவித் துருவிக் கேட்கும் அதே வாய், காப்பிக்கு மட்டும் ஏன் மூடிக்கொள்கிறது? ஒரு கேள்வி கேட்பதால் மூட்டை விலை ஏறிவிடாது. பத்துக் கடைக்காரர் கேட்டால் தவுக்கேயும் தம் தரகரைக் கேட்பார்.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) என்னும் ஸஹாபிக்காக அவருடைய ஆள் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்குப் பேசி முடித்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), அதன் சொந்தக்காரனிடம், இது 300-க்கு மேல் பெறுமே, 400-க்குத் தருகிறாயா என்றார். பிறகு இன்னும் பெறும் என்று நூறு நூறாகத் தாமே உயர்த்தி 800-க்கு வாங்கினார். காரணம் கேட்டவர்களிடம், எல்லா முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நாயகத்திடம் பைஅத் செய்திருக்கிறேன் என்றார். விற்பவன் கேட்டதைவிட வாங்குபவன் கூடக் கொடுப்பது பைத்தியக்காரத்தனம் என்று சந்தை சொல்லும். ஸஹாபி அதைப் பைஅத்தின் கடமையென்று கொண்டார்.

இக்காலத்தில் ‘நியாய வாணிபம்’ என்னும் முத்திரையோடு காப்பி விற்கிறார்கள். 1988-இல் ஹாலந்தில், மெக்ஸிகோ நாட்டுக் குடியானவர்களின் காப்பியைக் கொண்டு இது தொடங்கிற்று. ஜாவாக் குடியானவர்கள் பட்ட துன்பத்தை 1860-இல் எழுதிய ஒரு டச்சு நாவலின் நாயகன் பெயரையே அந்த முத்திரைக்கு வைத்தார்கள். சந்தை எவ்வளவு விழுந்தாலும் இதற்குக் கீழே போகமாட்டோம் என்று வாங்குபவர்கள் தாமாக ஒப்புக்கொள்ளும் தரைவிலை அதில் உண்டு. 2023-இல் அத்தரைவிலையைக் கழுவிய அராபிக்காவுக்கு ராத்தல் 1.80 டாலராகவும், கழுவாத ரொபஸ்டாவுக்கு 1.20 டாலராகவும் உயர்த்தினர். இது அரசு போடும் விலைக்கட்டுப்பாடு அன்று; ஜரீர் (ரலி) செய்ததைப் போல வாங்குபவன் மனமுவந்து ஏற்கும் நிபந்தனை. ஆகவே மார்க்கத்தில் தடையேதும் நமக்குத் தோன்றவில்லை. குறை இல்லாமலில்லை. கூட்டுறவில் சேராதவனுக்கு முத்திரை கிடைக்காது. சான்றுக்கும் தணிக்கைக்கும் செலவு உண்டு. சந்தை விலை ஏறி நிற்கும்போது தரைவிலை பேச்சளவில்தான். காயோ மலையில் இப்படிச் சான்று பெற்ற கூட்டுறவுகள் பல இருந்தும், அவற்றின் காப்பி பெரும்பாலும் மேல்நாடுகளுக்கே போகிறது. மலாக்கா நீரிணைக்கு இப்புறம் இருக்கும் நாம் அதைக் கேட்பதில்லை, கேளாததால் வருவதுமில்லை.

மீண்டும் கோப்பைக் கணக்கு. ரொபஸ்டாவின் தரைவிலை ராத்தலுக்கு 1.20 என்றால் கிலோவுக்கு ஏறக்குறைய 2.65 டாலர், 80 கோப்பைக்குப் பங்கிட்டால் கோப்பைக்கு மூன்றேகால் காசுபோல வரும். 2001-இன் ஒன்றேகால் காசுக்கும் இதற்கும் வித்தியாசம் இரண்டு காசு. அன்றைய காசும் இன்றைய காசும் ஒன்றல்ல, இருந்தாலும் பாருங்கள். கோப்பையோடு கொடுக்கும் ‘டிஷ்யூ’ தாளிலும், குளிருக்குப் போடும் ஐஸிலும் போகிற காசு அது. மலைமேல் ஒரு குடும்பம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா, தோட்டத்துக்கு அனுப்புவதா என்பது அந்த இரண்டு காசில் தொங்குகிறது.

தனிக் கடைக்காரர் ஒருவர் போய்ச் சுமத்ராவில் மூட்டை வாங்கிவர இயலாது. இருபது கடைகள் சேர்ந்தால் ஓராண்டுத் தேவையைக் கணக்கிட்டு, கூட்டுறவு ஒன்றோடு நேராகப் பேசி, ஸலம் முறையில் முன்பணம் கொடுக்க முடியும். பருப்புக்கும் அரிசிக்கும் நம் முன்னோர் கூட்டாகக் கொள்முதல் செய்யவில்லையா? பணத்தை முதலில் கொடுப்பதால் விலையில் கொஞ்சம் சலுகை கேட்பது ஸலத்தில் ஆகும். அதைக் கசக்கிப் பிழிகிற அளவுக்குக் கொண்டுபோகக் கூடாது. நேரடியாக வாங்க வழியில்லாதவர், வாங்கிய மூட்டைக்குத் தவணை தவறாமல் பணமாவது கட்டட்டும். வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று ஹதீஸிலே வந்திருக்கிறது. இங்கே கடைக்காரர் தொண்ணூறு நாள் இழுத்தால், தவுக்கே தரகரை இழுப்பார், தரகன் குடியானவனை இழுப்பான். கடைசியில் இழுபடுகிறவன் கையில் அரிசி வாங்கப் பணமிராது. அவன் போய் நிற்குமிடம் இஜோன்காரன் வாசல்.

லம்போங்கில் ரொபஸ்டாப் பறிப்பு மே மாதவாக்கில் தொடங்குகிறது. கைமாற்றுக்கு அலையும் காலம் அதற்கு முந்திய மாதங்கள். ஸலம் பேசுவதென்றால் அப்போது பேசவேண்டும். பறிப்பு முடிந்தபின் பேசுவது வெறும் கொள்முதல். விருப்பமுள்ள உறுப்பினர்கள் மாதத்துக்கு எத்தனை கிலோ தூள் செலவாகிறது, இப்போது என்ன விலைக்கு எடுக்கிறார்கள், எத்தனை நாள் தவணை என்ற மூன்று விவரங்களையும் எழுதிச் சங்கக் காரியதரிசியிடம் கொடுத்தால், அடுத்த செயற்குழுவில் கணக்கோடு வைத்துப் பேச வசதியாயிருக்கும். ஸலம் பற்றிய சட்ட ஐயங்களை ஜும்ஆவுக்குப் பின் இமாம் அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வஸ்ஸலாம்.